மொட்டை மாடிப் பள்ளி

1953-ஆம் ஆண்டு, டிசம்பர் 25. உலகை இரட்சிக்க ஒருவர் பிறந்தாரெனத் தேவாலய மணிகள் முழங்கிய நாள். அன்றிரவுதான் ஹாங்காங்கில், கவுலூன் பகுதியின் ஷெக் கிப் மெய் குடிசைகளில் தீ மூண்டது. விடிவதற்குள் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதிக்கு வந்தனர். இரட்சிக்க எவரும் வரவில்லை!

வீடிழந்தோருக்கு ஆங்கில ஆட்சியினர் அங்கே அடுக்குக் கட்டடங்கள் எழுப்பினர். அவ்வகையில் இன்று எஞ்சி நிற்பது மெய் ஹோ இல்லம் ஒன்றே. இளைஞர் விடுதியாகவும் காட்சியகமாகவும் விளங்கும் அதன் உள்ளே நின்று, ஆளுக்கு 24 சதுர அடி என்று அன்று வகுத்த கணக்கை எண்ணிப் பார்த்தோம். ஆறடி நீளம், நாலடி அகலம்! படுத்தால் பானை வைக்க இடமில்லை. குழாயும் கழிப்பிடமும் பொது.

"இடமில்லை, எனவே பள்ளியில்லை" என்று கைவிரிக்க ஆள்வோர்க்கு இதனினும் ஏற்ற ஊர் ஏது? ஆனால் மொட்டை மாடியிலே பள்ளி வைத்தனர்! மழை பெய்தால் மூடப்படும் கூரைப் பள்ளியில் அரிச்சுவடி கற்ற நமக்கு, கூரைமேல் பள்ளி என்றதும் சிரிப்பு வரவில்லை, தொண்டை அடைத்தது. அவற்றை நடத்தியோரில் சமயச் சங்கத்தாரும் உண்டு. அதை மறைப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. ஆயினும் ஈகை, ஈவோன் மனம் மாறினால் மறையும். உரிமையை அப்படிப் பறித்துவிட முடியுமா?

அந்த உரிமைக்குப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தனர். 1966-லும் 1967-லும் தெருக்கள் கொந்தளித்தன. 1971-ல் தொடக்கக் கல்வி இலவசமாயிற்று. ஆள்வோரின் கருணை என்பார் நம்பட்டும், நாம் நம்பவில்லை. 1978-ல் அது ஒன்பதாண்டுக் கல்வியாகவும், 2008-ல் பன்னிரண்டாண்டுக் கல்வியாகவும் வளர்ந்தது.

மருத்துவம்? உள்நோயாளர் சிகிச்சையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைப் பொது மருத்துவமனைகளே தாங்குகின்றன. நெருங்கி வாழும் ஊரில் நோய் யாரையும் ஒதுக்கி வைப்பதில்லை. 2003-ல் சார்ஸ் நோய் முந்நூறுக்கு மேற்பட்டோரைப் பற்றியது ஏழைக் குடியிருப்பில் அன்று. அமோய் கார்டன்ஸ் எனும் தனியார் மாடிக் குடியிருப்பில்! நீர் வற்றிய கழிவுக் குழாய்களின் வழியே அது வீடு புகுந்தது. நல்ல நாள் பார்த்துக் குடிபுகுந்தவர் வீட்டிற்கும் வந்தது. அவ்வாண்டு அந்நோய்க்கு ஹாங்காங்கில் மாண்டோர் 299 பேர். நோயாளரைத் தொட்டுக் காத்த மருத்துவப் பணியாளரும் அவர்களுள் உண்டு.

இத்தனையும் கண்ட ஊரில், 2026 சனவரி முதல் நாளன்று அவசரப் பிரிவுக் கட்டணம் 180 டாலரிலிருந்து 400 ஆயிற்று. சிறு நோய்க்கெல்லாம் கூட்டம் சேர்வதைக் குறைக்கவாம்! உயிருக்குப் போராடுவோர்க்கும், அரசு உதவித்தொகை பெறுவோர்க்கும் கட்டணமில்லை, சரிதான். மற்ற ஏழைகளோ விண்ணப்பித்து விலக்குப் பெற வேண்டும். காய்ச்சலோடு வருபவன், முதலில் தன் வறுமைக்குச் சான்று தேட வேண்டும்.