ஹட்டனில் இடியப்பம் பிழிகிறவர்கள்

ஹட்டன் ரயில் நிலையத்தில் இறங்கியபோது மாலை ஆறு மணி தாண்டியிருந்தது. ஏறக்குறைய 1,260 மீட்டர் உயரம். கொழும்பில் நனைந்த சட்டை இங்கே குளிர்ந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில் இரும்பும் இரும்பும் மோதுகிற தாளம் கேட்டது. இலங்கையின் எந்த ஊரிலும் அந்தச் சத்தம் கேட்கும் இடத்தில் சூடான சாப்பாடு இருக்கும். அது கொத்து போடுகிற சத்தம்.

"ரொட்டியா, நூடில்ஸா, இடியப்பமா?" என்று கேட்டார் மாஸ்டர். மதுரைக்காரனான எனக்கு இடியாப்பம் தெரியும். அதைக் கொத்துப் போட்டுத் தின்றதில்லை. கல்லில் எண்ணெய் விட்டு, வெங்காயம், கறிவேப்பிலை, நுவரெலியாத் தோட்டங்களில் விளைந்த லீக்ஸ், கரட் ஆகியவற்றை வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றினார். பிறகுதான் உதிர்த்த இடியப்பம். ரொட்டிக்குப் படபடவென்று இறங்கிய தகடுகள் இப்போது படுத்தவாக்கில் நகர்ந்தன. "ரொட்டிய வெட்டணும். இடியப்பத்தப் புரட்டணும். வெட்டினா களியாயிரும்" என்றார். கறிக்குழம்பு ஒரு கரண்டி சேர்ந்து தட்டுக்கு வந்தது. இழை இழையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தது. நன்றாக இருக்கிறது என்றதும், "என் கைவேல பாதிதான். மீதிய காலையில வந்து பாருங்க" என்றார்.

மறுநாள் காலை நாலரைக்குப் பின்கட்டு அடுப்படியில் நின்றேன். இரண்டு பெண்கள். மூத்தவருக்கு அறுபதை நெருங்கும் வயது. அக்கா என்று கூப்பிட்டேன். அவர் வேலையை நிறுத்தாமலே பேசினார்.

வறுத்த சிவப்பரிசி மாவில் உப்புப் போட்டு, கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அகப்பைக் காம்பால் கிளறுகிறார். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிசைகிறார். "தண்ணி கூடினா இழை ஒட்டும், தம்பி. கொறஞ்சா உரல் நகராது. கைக்குத்தான் தெரியும்." இரண்டு கைப்பிடி கொண்ட உரலில் மாவை அடைத்து, உள்ளங்கை அளவுள்ள பின்னல் தட்டின் மேல் வட்டமாகப் பிழிகிறார். ஒரு தட்டுக்கு நாலு சுற்று. பிரம்புத் தட்டுகள் போய் இப்போது பிளாஸ்டிக் தட்டுகள். அவற்றை அடுக்கி ஆவியில் வைக்கிறார். பார்க்கச் சுலபம் போலிருந்தது. உரலைக் கேட்டு வாங்கினேன். மூன்றாவது தட்டில் மணிக்கட்டு நடுங்கியது. அவர் ஒரு காலைக்கு முந்நூறு பிழிகிறார்.

இந்த ஊருக்கென்று ஒரு கணக்கும் உண்டு. மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஹட்டனில் அது ஏறக்குறைய 96 பாகை. ஆவியின் சூடும் அவ்வளவுதான். "கொழும்புல எங்க தங்கச்சி இறக்கிற நேரத்துக்கு இங்க இறக்கினா நடுவுல மா வேகாது" என்றார் அக்கா. இயற்பியலில் நான் படித்ததை அவர் விரலால் தொட்டே அறிந்திருக்கிறார்.

மாவைத் துளைவழியே அழுத்தி இழையாக்கும் வித்தை சீனாவிலும் கொரியாவிலும் உண்டு. அங்கே இழை கொதிநீரில் விழும். நம்முடையது ஆவியில் வேகும். மலேசியா போன தமிழர்களோடு போன இடியாப்பம் அங்கே 'புத்து மாயம்' ஆகி, தேங்காய்ப்பூவும் சர்க்கரையுமாக விற்கிறது. இங்கே அதே பண்டத்துக்குச் சொதியும் சம்பலும் துணை. மஞ்சள் நிறத்துத் தேங்காய்ப்பால் சொதி திருநெல்வேலி மறுவீட்டு விருந்தை ஞாபகப்படுத்தியது.

அக்கா இருபத்தேழு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது வீட்டில் யாருக்கும் நினைவில்லை. 1948இல் குடியுரிமை இழந்த மலையகத் தமிழரில் அவர் தாத்தாவும் ஒருவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது. அப்பா இங்கேயே நின்றுவிட்டார். 1970களில் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்கள் பட்டினி கிடந்ததை, குழந்தையாக இருந்த தனக்கு அம்மா சொன்னதாகச் சொன்னார். 2022இல் கேஸ் கிடைக்காதபோது, கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாற்றைச் சுமந்து வந்து இதே அடுப்பை எரித்திருக்கிறார்கள். அந்த வருடமும் காலை இடியப்பம் நிற்கவில்லை.

ஆறு மணிக்குக் கடை திறந்தது. தோட்டத்தில் காலை ஆள் பதிவான பெரட்டுக்குப் போகும் பெண்கள், பஸ் நடத்துநர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று வரிசை. தோட்டத்தில் நாள் சம்பளம் 2024இல் 1,350 ரூபாய் ஆனது. போதாத கூலிதான், ஆனால் அதற்கு அரசு வர்த்தமானி அறிவிப்பு உண்டு, பேச ஒரு சங்கம் உண்டு. அக்காவுக்கு எண்ணிக்கைக்குக் காசு. காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு ஒன்றுமில்லை. "தோட்டத்துல ஈ.பி.எப். இருந்திச்சு. இங்க அதெல்லாம் இல்ல, தம்பி" என்றார். கைவலிக்கு இரவில் தைலம் தேய்த்துக்கொள்கிறார்.

ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கான இலங்கைச் சட்டம் 1958இல் வந்தது. முதலாளி 12 விழுக்காடும் தொழிலாளி 8 விழுக்காடும் கட்ட வேண்டும். துண்டுக்கணக்கில் வேலை செய்கிறவர்களும் அதற்குள் அடக்கம். அக்காவுக்குக் கிடைக்காதது சலுகையல்ல, அறுபத்தைந்து வருடத்துக்கு மேலாகச் சட்டத்தில் எழுதியிருக்கிற உரிமை.

பட்டும் மண்பாண்டமும் செய்கிற கையைக் கைவினைஞர் என்கிறோம். ஒரே கனத்தில் முந்நூறு தட்டு இழை பிழிகிற கையை அடுப்படி ஆள் என்று ஒதுக்கிவிடுகிறோம். இதுவும் பழகித் தேர்ந்த தொழில்தான். மலையகத்துக்குப் போகிறவர்கள் தேயிலைச் சரிவைப் படம் பிடித்துத் திரும்பிவிடாமல், விடிகாலையில் ஒரு சின்னக் கடையில் இடியப்பம் சாப்பிடுங்கள். பின்கட்டுக்குப் போய்ப் பிழிந்தவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். கடை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: அந்தப் பெண்களின் பேரைச் சேமலாப நிதியில் பதியுங்கள்.