கரிசலிலிருந்து கடற்கரை வரை, சில புத்தகங்களோடு

கோவில்பட்டியில் இறங்கி திருநெல்வேலிப் பக்கம் போகும் பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் இடைசெவல். நாற்கரச் சாலையில் பறக்கிறவர்கள் கவனிக்காத சின்ன ஊர். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இங்கே 1923-இல் பிறந்தவர்கள். ஒரே ஊர், ஒரே வயது, கடைசிவரை சிநேகிதம். இருவருக்கும் சாகித்திய அகாதமி விருது. இப்படி இன்னொரு ஊர் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

நான் போனது தீபாவளியை ஒட்டி. மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரிசல் மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அந்த ஈரத்தில் உட்கார்ந்து அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை மறுபடி படித்தேன். தீபாவளிக்கு முந்திய இரவில், ஆதரவற்ற ஒரு பையன் ஏழை வீட்டு வாசலுக்கு வருகிறான். அந்தத் தாய் அவனுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். நடப்பது அவ்வளவுதான். எங்கேயும் குரலை உயர்த்தாமல், யாரையும் பழிக்காமல், வறுமையை இத்தனை மரியாதையோடு எழுதியவர் வேறு யார்? தமிழின் முதல் ஐந்து சிறுகதைகளில் இதை வைப்பேன். எவரோடும் வாதாடத் தயார்.

கி.ரா.வுக்கு விருது வாங்கித் தந்தது ‘கோபல்லபுரத்து மக்கள்’. ஆனால் என் ஓட்டு அதற்கு முந்திய ‘கோபல்ல கிராமம்’ நாவலுக்கே. தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் காட்டை எரித்து நிலமாக்கும் பகுதியை, அந்த வெளியைக் கண்ணால் பார்த்தபின் படித்துப் பாருங்கள். பாட்டி வாயால் கேட்கும் கதை அது. இரண்டாவது நூலில் சுதந்திரப் போராட்டம் வந்து சேர்ந்ததும் அந்தக் குரல் கொஞ்சம் மங்கிவிடுகிறது.

நாகர்கோவிலில் ‘ஒரு புளியமரத்தின் கதை’. 1966-இல் வந்தது. தாமோதர ஆசான் பேசும் முன்பாதிக்காகவே சுந்தர ராமசாமியைக் கொண்டாடலாம். தேர்தல் சண்டையும் கடைத்தெருப் போட்டியுமாகப் போகும் பின்பாதி எனக்கு அந்த அளவுக்கு ஒட்டவில்லை.

தேங்காய்ப்பட்டணம் போனதுதான் இந்தப் பயணத்தின் பெரும்பேறு. குழித்துறையிலிருந்து வரும் ஆறு கடலில் கலக்கும் இடம். தோப்பில் முகமது மீரான் பிறந்த ஊர். மலையாளத்தில் படித்தவர், தமிழ்க் கதையை மலையாள எழுத்தில் எழுதி, பிறர் உதவியோடு தமிழ் எழுத்துக்கு மாற்றினார். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் ஊர் முதலாளியின் அதிகாரமும், இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்ற பிடிவாதமும் வெளிப்படுகிற விதம் அபாரம். சொந்தச் சமூகத்தின் நடுவில் நின்று, அதன்மேல் உள்ள அன்பு குறையாமலே அதன் அநீதியைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். ஆற்றுமுகத்தில் நிற்கும்போது பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல்முறை படித்தபோது எனக்குக் கடினமாகத் தோன்றிய நடை, அவர்கள் வாயில் சரளமாக ஓடியது. அதன்பிறகு அந்த நாவலில் எந்தப் பக்கமும் என்னைத் தடுக்கவில்லை.

உவரியில் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’. ஆட்கள் அதிகம், பெயர்கள் குழம்பும். அரை நூற்றாண்டு ஓடுகிறது. ஆனால் கடலில் கவிழ்ந்து தத்தளிக்கும் மனிதர்களின் பகுதிகளுக்கு முன்னால் குறை சொல்ல வாய் வராது. பொறுமையாகப் படியுங்கள்.

அங்கிருந்து இடையன்குடி தூரமில்லை. கால்டுவெல் கட்டிய தேவாலயத்திலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். 1856-இல் வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை முழுக்கப் படிப்பது ஆராய்ச்சியாளர் வேலை. 1881-இல் அவர் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் நமக்கானது.

தெற்கே போகிறவர்கள் எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம். அழகிரிசாமியையும் மீரானையும் மட்டுமாவது எடுத்துக்கொண்டு போங்கள். அந்தந்த ஊர்ப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து படியுங்கள்.