கரண்டுக்கும் க்யூ

ட்ரிபிள் ஈ படிச்சுட்டு ஜாவா தட்டிப் பிழைக்கிற கோஷ்டியில் அடியேனும் ஒருத்தன். படிச்சதுல மண்டையில் தங்கியது மின் விநியோகப் பாடம் மட்டும்தான். லண்டன் வந்து மூணு வருஷம் ஆச்சு. இங்கே வீடு தேட ஆரம்பிச்சதும் அந்தப் பாடம் திரும்ப வந்து நிக்குது.

நம்ம ஊர்ல கரண்டுன்னா ஈ.பி. மட்டும்தான். இங்கே 1990-ல மின்துறையைத் தனியாராக்கினாங்க. 1998-99ல சாதாரண வீடுகளும் கரண்ட் விக்கிற கம்பெனியை மாத்திக்கலாம்னு ஆச்சு. ஆனா கம்பி மட்டும் ஏரியாவுக்கு ஒருத்தர்தான். பிரிட்டன்ல மொத்தம் 14 விநியோகப் பகுதி, கண்காணிக்க ஆஃப்ஜெம். 2021-ல இருபதுக்கும் மேற்பட்ட விற்பனைக் கம்பெனிகள் இழுத்து மூடினப்போ யார் வீட்லயும் பல்பு அணையலை. ஏன்னா, கம்பிக்காரர் வேற ஆள்.

அந்தக் கம்பியை எங்கே, எவ்வளவு தடிமனா போடணும்னு திட்டம் போடறவர் பாடுதான் பாவம். ஒரு வீட்டு ஃப்யூஸ் 100 ஆம்ப்னா 23 கிலோவாட் வரை இழுக்கலாம். நூறு வீட்டுக்கு 2300. ஆனா அவர் வீட்டுக்குச் சுமார் 2 கிலோவாட்னுதான் கணக்கு வெப்பார். எல்லாரும் ஒரே நேரத்துல அடுப்பும் கெட்டிலும் போட மாட்டாங்கங்கற தைரியம். ஆயிரம் பத்திரிகை குடுத்துட்டு ஒரு பந்திக்கு முந்நூறு இலை போடற மாதிரி.

இப்ப மின்சார கார் வந்தாச்சு. வீட்டு சார்ஜர் ஒண்ணே 7 கிலோவாட். இதுல போட்டிச் சந்தை என்ன பண்ணுதுன்னா, நள்ளிரவுக்கு மேல கரண்ட் மலிவுன்னு விக்கறவர் ஆஃபர் விடறார். தெருவே ஒரே நிமிஷத்துல பந்தியில் உக்காருது! தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரைப் பத்தி அவருக்கு என்ன கவலை?

முன்கூட்டியே பெரிசாப் போட்டா, யாரும் வரலைன்னா தண்டச் செலவு, எல்லார் பில்லிலும் ஏறும். அதனால ஆஃப்ஜெம் கிடுக்கிப்பிடி போடும். இப்போதைய திட்டக் காலம் 2023 ஏப்ரல்ல இருந்து 2028 மார்ச் வரை. யார் எங்கே சோலார் போடுவாங்க, எங்கே டேட்டா சென்டர் கட்டுவாங்கன்னு திட்டக்காரர் கையில் இல்லை. கணிக்கலாம், அவ்வளவுதான்.

தாமதமாப் போட்டா என்ன ஆகும்னு 2022-ல மேற்கு லண்டன் பார்த்துச்சு. எம்-4 நெடுஞ்சாலை ஓரம் ஃபைபர் கேபிள் போறதால டேட்டா சென்டர்கள் அங்கே குவிஞ்சு, கிடைக்கிற மின் திறனை முன்பதிவு பண்ணிட்டாங்க. முதலில் வந்தவருக்கு முதலிடம்ங்கறதுதான் அப்போ விதி. ஹில்லிங்டன், ஈலிங், ஹவுன்ஸ்லோவில் வீடு கட்ட வந்தவங்களுக்கு, 2035 வரைகூடக் காத்திருக்க வேண்டி வரலாம்னு பதில் வந்துச்சு. உள்ளூர் கம்பி மட்டுமில்ல, மேலிருந்து வர்ற உயர் அழுத்த வலையிலயும் இடமில்லை. அப்புறம் சின்னத் திட்டங்களுக்கு இடைக்கால வழி பண்ணாங்க.

என் கோடு ஓடுறதும் இந்த மாதிரி ஒரு டேட்டா சென்டர்லதான். க்யூவில் எனக்கு முன்னாடி நிக்கறது என் சோறுதான்னு சொன்னா தங்கமணி முறைக்கிறாங்க.

வீடுகளுக்குத் தனி ஒதுக்கீடு வேணும்ங்கறது என் கட்சி. சந்தை விசுவாசிகள் பின்னூட்டத்தில் திட்டலாம் :-)

போன மாசம் அந்தப் பக்கம் புதுசாக் கட்டற ஒரு ஃபிளாட் பார்க்கப் போனோம். தங்கமணி பால்கனி பார்த்தாங்க. நான் கரண்ட் கனெக்‌ஷன் உறுதியாயிடுச்சான்னு கேட்டேன். விக்கறவர் சிரிச்சுட்டு, விசாரிச்சுச் சொல்றேன்னார். இன்னும் சொல்லலை.