போத்தலை இறக்கிய நாள்

கனடாவிலே, ரொறன்ரோ நகருக்கு அண்மையில், மகள் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் விறாந்தை ஓரத்திற் தொங்கிய ஒரு சிவப்புப் போத்தலுக்கு நாம் காவலாளியாயினோம். ரீங்காரச்சிட்டு என்னும் சின்னஞ்சிறு பறவைக்குச் சீனித் தண்ணீர் வைக்கும் போத்தல் அது. இலங்கைத் தேன்சிட்டை அறிந்தவர்கள் அதற்கு இது தம்பி என்று எண்ணலாம், நெருங்கிய உறவில்லை. இவ்வினம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே தேனுண்ணும்; இதுவோ பூவின்முன் அந்தரத்தில் நின்றபடியே உண்ணும். சிறகு செக்கனுக்கு 50 தடவையளவில் அடிப்பதால் எழும் ஓசையே இதற்குப் பெயராயிற்று. எடை ஏறக்குறைய 3 கிராம்.

ஒரு கோப்பை வெள்ளைச் சீனிக்கு நாலு கோப்பை தண்ணீர், சமையல் அவ்வளவே. சாயம் கலத்தலாகாது, பூஞ்சணம் பிடிக்குமாதலால் தேனும் ஆகாது. எமது தேநீரில் மறுக்கப்பட்ட சீனியெல்லாம் பறவைக்குத் தாராளமாய்ப் போயிற்று!

செப்டெம்பர் முதற் கிழமை, அயல்வீட்டு முதியவர் வேலிக்கு மேலால் எம்மை எச்சரித்தார். அந்நாட்டுத் தொழிலாளர் தினம் கழிந்ததும் போத்தலை இறக்கிவிட வேண்டுமாம். இல்லையேல் இனிப்பின் ஆசையால் பறவை தெற்கே போகாது தங்கிப் பனியில் மடியுமாம். நெஞ்சு திக்கென்றது. அன்று மாலையே போத்தலை இறக்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஓர் உயிரைக் காத்தோம் என்ற நிறைவுடன் உறங்கினோம்.

மறுநாட் காலை ஒரு பறவை வந்தது. கழுத்திற் செம்மையில்லை, பெண்ணோ, அவ்வாண்டின் இளம்பறவையோ அறியோம். போத்தல் தொங்கிய கொக்கியின் கீழே, அதே உயரத்தில், வெறுங் காற்றின்முன் நின்றது. இடப்புறம் நகர்ந்து பார்த்தது; வலப்புறம் நகர்ந்து பார்த்தது. யன்னலருகே வந்து ஒரு கணம் நின்றது. பின் போய்விட்டது. எமக்குத் தேநீர் இறங்கவில்லை.

மகள் பறவை நூலொன்றை எடுத்துத் தந்தாள். முதியவர் சொன்னது அங்கே பலரும் நம்பும் தவறு. பறவையைப் பயணத்துக்குக் கிளப்புவது பகற்பொழுது குறுகுவதே. போத்தல் நிறைந்திருந்தாலும் வேளை வந்ததும் அது போய்விடும். ஆண்கள் முதலிற் புறப்படும், பின்னர் பெண்கள், இறுதியில் இளம்பறவைகள், வழிகாட்ட எவருமின்றித் தனித்தனியே. கொழுப்புச் சேர்த்து உடலெடையை ஏறக்குறைய இரட்டித்துக்கொண்டு மெக்சிக்கோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் செல்லும். அவற்றுட் பல, மெக்சிக்கோ வளைகுடாவின்மேல் ஏறத்தாழ 800 கிலோமீற்றரை ஓரிடத்தும் தங்காமற் கடக்கின்றன. பூக்கள் குறையும் அம்மாதத்திலே அப்பிரயாணியின் கட்டுச்சோற்றையன்றோ நாம் பறித்துவிட்டோம்!

உடனே சீனி கரைத்து மீண்டும் தொங்கவிட்டோம். அன்று எதுவும் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ஒன்று வந்து நெடுநேரம் குடித்தது. அதுதானோ, வடக்கேயிருந்து வந்த வேறொரு வழிப்போக்கனோ, யார் கண்டார்!

கடைசிப் பறவையைக் கண்ட நாளிலிருந்து இரண்டு கிழமை பொறுத்தபின் இறக்குவதே நல்ல வழக்கம். அப்பகுதியிற் பெரும்பாலானவை செப்டெம்பர் முடிவதற்குள் போய்விடும். ஒக்டோபர் நடுப்பகுதிவரை வைத்தால் பிந்தி வருவனவும் பிழைக்கும். வெயில் நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கொருமுறையும், குளிர்ந்தபின் நாலைந்து நாளுக்கொருமுறையும் நீரை மாற்ற வேண்டும். மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையோரத்தில், வேறோர் இனம் மாரி முழுவதும் தங்குவதால் இறக்கும் பேச்சே இல்லை. நீர் உறையாமற் காப்பதே அங்குள்ளார் கவலை.

நூலை வேலியருகே கொண்டுபோய் முதியவரிடம் காட்டினோம். கண்ணாடியை மூக்கில் ஏற்றி அப்பக்கத்தை இருமுறை வாசித்தார்.

"இத்தனை வருஷமாக..." என்று தொடங்கி, முடிக்காமல் உள்ளே போனார்.

மறுநாள் அவர் வீட்டு மேப்பிள் மரத்திலும் ஒரு போத்தல் தொங்கிற்று.