இடமிருந்து இரண்டாவது

27 டிசம்பர் 2019, வெள்ளி
பர்க், வர்ஜீனியா

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் எல்லாம் இலவசம். நான் காசு கொடுத்தாவது பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தது நியூசியம் ஒன்றைத்தான். செய்திக்கென்றே உள்ள அருங்காட்சியகம். வரும் செவ்வாயோடு மூடுகிறார்கள். கட்டடத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 37 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டது. 2008-இல் இங்கே குடிவந்தது. 12 வருடம்கூட முழுசாக ஓடவில்லை. "பேப்பரையே யாரும் காசு குடுத்து வாங்குறதில்ல, பேப்பருக்கு மியூசியம்னா யாருப்பா வருவாங்க?" என்றாள் மகள். போய்ப் பார்த்தால் நல்ல கூட்டம். சாவு வீட்டுக்கு வருகிற கூட்டம்.

வாசலில் அன்றைய நாளிதழ்களின் முதல் பக்கங்கள் வரிசையாக. முகப்பில் 74 அடி உயரச் சலவைக்கல்லில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், மொத்தம் 45 சொற்கள். எங்கள் பத்திரிகை டெஸ்க்காக இருந்தால் அதிலும் ஐந்தை வெட்டியிருப்போம்.

கழிப்பறைச் சுவர் ஓடுகளில் பத்திரிகைகளில் நிஜமாகவே அச்சான அசட்டுத் தலைப்புகளைப் பதித்திருக்கிறார்கள். தனியாக நின்று சிரித்தேன். முப்பது வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தவனுக்கு அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்காது.

புலிட்சர் படங்கள் இருக்கும் கூடத்தில் இவோ ஜிமா கொடிக்கு முன்னால்தான் எல்லோரும் நிற்கிறார்கள். நான் எடி ஆடம்ஸ் படத்தின் முன் நின்றுவிட்டேன். சைகோன், 1968 பிப்ரவரி 1. இடது ஓரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஹெல்மெட் போட்ட வீரன். அடுத்து, துப்பாக்கியை நீட்டியபடி போலீஸ் தலைவர் லோவான். வலது பக்கம் கட்டம் போட்ட சட்டையில் வியட்காங் கைதி, கைகள் பின்னால், முகம் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. பல வருடம் முன்னால் நியூஸ்பிரிண்டில் பார்த்தபோது வெறும் புள்ளிகளாகத் தெரிந்த முகம்.

பக்கத்தில் போனைத் தட்டிக்கொண்டிருந்த மகள், "அப்பா, இந்த லோவான் நம்ம பர்க்லயே பீட்சா கடை வச்சிருந்தாராம்பா" என்றாள். ரோலிங் வேலி மாலில். இவள் மாசாமாசம் சாமான் வாங்குகிற இடம். போரில் ஒரு காலை இழந்து, 1975-க்குப் பிறகு குடும்பத்தோடு இங்கே வந்து, கடை நடத்தியிருக்கிறார். யார் என்று தெரிந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. 1991-இல் கடையை மூடினார். ஆடம்ஸ் அவரிடமும் குடும்பத்திடமும் மன்னிப்பு கேட்டிருக்கிறார். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை; கை கட்டப்பட்டவனைச் சுட்டது சுட்டதுதான். ஆனால் பரிசு வாங்கித் தந்த படத்தை எடுத்தவரே சாகும்வரை அதோடு மல்லுக்கட்டினார் என்பது புரிகிறது.

28 டிசம்பர், சனி

அதே டிக்கெட் மறுநாளுக்கும் செல்லும். இன்று தனியாகப் போனேன்.

செப்டம்பர் 11 பகுதியில் புகைப்படக்காரர் பில் பிகார்ட்டின் கேமராக்கள். அடிபட்டு, புழுதி ஏறி. முதல் கோபுரம் விழுந்தபிறகு மனைவி போனில் கூப்பிட்டபோது, தீயணைப்புக்காரர்களோடு பத்திரமாக இருக்கிறேன் என்றாராம். நாலு நாள் கழித்து உடல் கிடைத்தது. கூடவே கிடைத்த டிஜிட்டல் கேமராவின் அட்டையில் படங்கள் அப்படியே இருந்தன. கடைசிப் படத்தின் நேரம் காலை 10.28. இரண்டாவது கோபுரம் விழுந்த அதே நிமிடம்.

பணியில் இறந்த செய்தியாளர்களுக்கான கண்ணாடிச் சுவரில் 2,300-க்கும் மேற்பட்ட பெயர்கள். மேரி கோல்வினைத் தேடிக் கண்டுபிடித்தேன். 2001-இல் வன்னிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் இலங்கை ராணுவத்தின் தாக்குதலில் இடது கண்ணை இழந்தவர். 2012-இல் சிரியாவின் ஹோம்ஸில் கொல்லப்பட்டார். கண் போன செய்தியை அன்று எடிட் செய்தவன் நான். ஒற்றைப் பத்தியில், கீழே கொடுத்ததாக ஞாபகம்.

29 டிசம்பர், ஞாயிறு

காலையில் மகளோடு ரோலிங் வேலி மால். அவள் உள்ளே போனாள். நான் காரிலேயே உட்கார்ந்து, எந்தக் கடையாக இருந்திருக்கும் என்று ஒவ்வொரு போர்டாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரையும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் மதுரையில் ஒரு கொள்ளை வழக்கு. ராத்திரி பதினொன்றரைக்குப் படம் வந்தது: கோர்ட் வாசல், ஜீப், மூன்று பேர். ஃபாரம் மெஷினுக்குப் போகிற அவசரம். 'கைதானவர்கள், இடமிருந்து' என்று ஆரம்பித்து மூன்று பெயரையும் எழுதிவிட்டேன். இரண்டாவதாக நின்றவர் சாட்சி. தையல்காரர்.

மூன்றாம் நாள் பேப்பரை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தைக்கக் குடுத்த துணிய ரெண்டு பேரு திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாக சார்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் உள்பக்கத்தில் இரண்டு வரி வருத்தம் போட்டோம். படம் வந்தது முதல் பக்கத்தில், மூன்று பத்தி அகலத்தில்.

அவர் கடை இருந்த தெரு வழியாகத்தான் பதினோரு வருடம் பஸ்ஸில் ஆபீஸ் போனேன். அந்தப் பக்கத்து ஜன்னலில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.