கோலுக்குள் எத்தனை மந்திரம்?

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு விளையாட்டுப் பெட்டி விற்பனைக்கு வந்தது. மரப்பலகை மாதிரி அச்சடித்த அட்டைப்பெட்டி; உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். விலை 10 டாலர். முதல் அச்சில் 1000 பெட்டிகள்தான். அதையும் வீட்டில் உட்கார்ந்து கையால் அடுக்கினார்கள். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ திருடனாகவோ மந்திரவாதியாகவோ புகுந்துகொண்டு, பகடை உருட்டித் தங்கள் தலைவிதியைத் தெரிந்துகொள்வார்கள். ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ். இரண்டாவது புத்தகத்தில் புதையல் பட்டியல் இருக்கிறது. அதில் மந்திரக்கோலுக்கு 100 வீச்சு என்று போட்டிருக்கிறார்கள். நூறு முறை நெருப்பையோ பனியையோ வீசலாம். நூற்றோராவது முறை கையில் இருப்பது வெறும் குச்சி.

யார் எண்ணி வைத்த நூறு இது?

மலேசியாவில், ஈப்போ நகரில் என் அக்கா மகன் சனிக்கிழமை இரவுகளில் தன் கூட்டாளிகளோடு இதை ஆடுகிறான். அவர்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. நூறு இப்போது ஏழாகச் சுருங்கியிருக்கிறது. நெருப்புக்கோலில் 7 வீச்சு; செலவழித்ததில் கொஞ்சம் விடியற்காலையில் திரும்ப ஏறும், எவ்வளவு என்பதைப் பகடை சொல்லும். கடைசி வீச்சையும் வீசிவிட்டால் இருபது முகப் பகடையை உருட்டவேண்டும். 1 விழுந்தால் கோல் சாம்பல். இடையில் 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் 50 வீச்சு, மறுபடி ஏறுவது கிடையாது. அந்தப் பதிப்பில் கோலுக்கு விலையும் உண்டு. மந்திரத்தின் படியை மந்திரவாதியின் படியால் பெருக்கி, வந்ததை 750 பொற்காசால் பெருக்கவேண்டும். தோட்டத்துக் கிராணி செக்ரோலில் கூலிக் கணக்குப் போட்ட மாதிரி இருக்கிறது அந்தப் பக்கம்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். அங்கே இடுப்பில் தாயத்து இல்லாத பிள்ளை இல்லை. முனியாண்டி கோயிலில் அரிவாளும் சாட்டையும் பிரம்பும் சாத்திவைத்திருக்கும். எலுமிச்சம்பழமும் விபூதியும் மந்திரித்து வாங்கி வருவோம். ஆனால் யாரும், "தாயத்தில் இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்டதில்லை. மருமகன் மேசையில் அந்தக் கேள்வி நிமிடத்துக்கு ஒரு தரம் வருகிறது. இந்த வித்தியாசம் எங்கே தொடங்கியது என்று தெரிந்துகொள்ளத்தான் தேடத் தொடங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு ராட்சசன். அந்த ஆட்டத்தின் பூதப் பட்டியலில் ராட்சசன் ஆரம்ப காலம் முதல் இருக்கிறான். மலாய்ப் பேயான பெனங்காலான்கூட 1981இல் வந்த தொகுப்பில் இருக்கிறாள்: தலை மட்டும் குடலோடு பறந்து பிள்ளை பெற்ற வீட்டைச் சுற்றுகிறவள். நம் பக்கத்துப் பேய்கள் இத்தனை பேர் அங்கே குடியேறியிருந்தால், மந்திரப் பொருளின் விதிகளும் நம் பக்கத்திலிருந்து போயிருக்கலாமே என்று நினைத்தேன். ராட்சசனின் பாதை ராமாயணத்துக்குப் போகவில்லை. 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ‘கோல்சாக்’ என்ற பேய்த் தொடரில் ஒரு ராட்சசன் வருகிறான். மந்திரித்த குறுக்குவில் அம்புதான் அவனைச் சாய்க்கும். அதே அம்பு அப்படியே ஆட்டத்தின் விதியாகியிருக்கிறது. அந்தப் பாதை அங்கேயே நின்றுவிட்டது.

உண்மையான பாதை 1971க்குப் போகிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூர். கேரி கைகாக்ஸ் சிகாகோவில் காப்பீட்டு வேலை பார்த்தவர்; வேலை போனபின் வீட்டு நிலவறையில் செருப்புத் தைத்தவர். அவருக்குப் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் ஆடும் பித்து. ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து ‘செயின்மெயில்’ என்ற போர் விதிநூலை வெளியிட்டார். இடைக்காலத்துக் குதிரைப்படை, வில்லாளர், முற்றுகை இயந்திரம் எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. கடைசியில் இணைப்பாகச் சில பக்கங்கள்: டிராகன், பூதம், மந்திரவாதி. மந்திரவாதி வீசும் நெருப்புப் பந்து எவ்வளவு இடத்தைத் தாக்கும்? பெரிய கவண்பொறியின் கல் விழும் இடத்தளவு. அவன் மின்னல்? கனரகப் பீரங்கிக்குச் சமம்.

இதைப் படித்தபோது எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. அந்த மந்திரவாதி மந்திரவாதியே இல்லை; தாடி வைத்த பீரங்கி. அவனை வரைபடத்தில் நிறுத்தி, சுடும் தூரத்தை அங்குலக் கோலால் அளந்தார்கள். பீரங்கிக்குக் குண்டுக் கணக்கு இல்லாமல் போர் ஆட்டம் நடக்காது. மினசோட்டாவில் டேவ் ஆர்னிசன் இந்தப் படைகளைக் கலைத்து, ஆளுக்கொரு வீரனாக நிலவறைக்குள் அனுப்பினார். இருவர் யோசனையும் சேர்ந்ததுதான் அந்த 1974 பெட்டி. பீரங்கி கோலாகி ஆள் கைக்கு வந்தது. குண்டுக் கணக்கும் கூடவே வந்தது. 1978இல் வந்த விதிநூலில் இன்னும் ஒரு குறும்பு உண்டு. நெருப்புப் பந்துக்கு வேண்டிய பொருள்கள் வௌவால் எச்சமும் கந்தகமும். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குகைகளில் உரத்துக்காக அள்ளுகிறார்களே, அதே எச்சம்தான். அதிலிருந்து வெடியுப்பு எடுக்கலாம். கந்தகம் சேர்ந்தால் வெடிமருந்துக்குப் பாதி வழி தாண்டியாயிற்று.

ஜாக் வேன்ஸ் என்ற எழுத்தாளரையும் சொல்லவேண்டும். 1950இல் வந்த அவருடைய ‘தி டையிங் எர்த்’ கதைகளில், மந்திரவாதி சில மந்திரங்களை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொள்கிறான். ஒன்றைச் சொன்னதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். கைகாக்ஸ் இதை அப்படியே எடுத்துக்கொண்டார், மறைக்கவும் இல்லை. ஆட்டத்தின் மிகப் பெரிய வில்லன்களில் ஒருவனான வெக்னாவின் பெயர் வேன்ஸின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டதுதான். சொன்னால் தீர்ந்துபோகும் மந்திரம் என்பது எனக்கு ஒட்டவே இல்லை. நம்மிடம் சொல்லச் சொல்லத்தான் மந்திரத்துக்கு வலு.

இதைக் கேட்க ஆள் ஈப்போவின் புந்தோங்கில் இருந்தார். கச்சான் பூத்தே என்னும் கடலை வறுக்கும் வாசனை தெருவெல்லாம் அடிக்கும் பகுதி. தோட்டத்துக் கோயிலில் பல காலம் பூசை செய்துவிட்டு, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டதும் பிள்ளைகளோடு டவுனுக்கு வந்துவிட்ட பெரியவர். தாயத்து செய்யும் முறையைச் சொன்னார். செப்புத் தகட்டில் ஆணியால் கட்டம் கீறி, கட்டத்துக்குள் எழுத்தை அடைத்து, பூசையில் வைத்து உருவேற்றி, சுருட்டிக் குப்பிக்குள் போட்டு, அரக்கால் வாயை அடைத்துக் கறுப்புக் கயிற்றில் கோர்ப்பது.

"தாத்தா, ஒரு தாயத்து எத்தனை தடவை காப்பாத்தும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது. "ஏத்துறதுக்குத்தான் தம்பி கணக்கு. 1008 உரு, ஒரு மண்டலம். கட்டி விட்டப்புறம் கணக்கு ஏது? அது என்ன தோட்டாவா, சுடச் சுடக் குறையறதுக்கு?"

அவர் செயின்மெயில் படித்தவர் இல்லை.

ஆனால் தாயத்துக்கும் சாவு உண்டு. சாவு வீட்டுக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும். மறந்து கட்டிக்கொண்டே போனால் அன்றோடு சரி; குப்பியும் தகடும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பிரம்பைத் தொடவும் விதி உண்டு. காப்புக் கட்டி விரதம் இருப்பவர் எடுத்தால்தான் அது பிரம்பு. மற்றவர் எடுத்தால் வெறும் காட்டு ரோத்தான் குச்சி. ஐந்தாம் பதிப்பு இதற்குக் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது. அதில் சில மந்திரப் பொருள்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழகினால்தான் அவை வசப்படும்; ஒருவர் ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் வசப்படுத்த முடியாது. ஒரு மணி நேரம்! ஒரு மண்டலம் விரதம் இருந்தவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோட்டத்தில் இவையெல்லாம் பொழுதுபோக்கு இல்லை. விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, இருட்டோடு பால்மரக் காட்டுக்குள் போகிறவர்களுக்குப் பாம்பும் காய்ச்சலும் நிஜம். பத்து காஜா பக்கம் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி சுமித் கட்டிய மாளிகையைப் பலர் பார்த்திருப்பார்கள். முதல் உலகப் போர் முடியும் காலத்தில் கொள்ளைநோய் வந்து தொழிலாளிகள் மடிந்தபோது, மற்றவர்கள் அவரிடம் கேட்டது மாரியம்மனுக்கு ஒரு கோயில். கட்டிக் கொடுத்தார். சாமி சிலைகளோடு அவர் சிலையையும் அங்கே ஏற்றிவைத்தார்கள், இன்றும் நிற்கிறது. வெள்ளைக்காரத் துரைக்குக் கோயில் மேல் இடம் கொடுத்ததை அடிமைப்புத்தி என்று சிலர் சொல்வார்கள். நான் அதைக் கணக்குத் தீர்த்தது என்றுதான் சொல்வேன்.

எண்ணிக்கை இல்லாத, ஆனால் கைமாறக்கூடிய ஆயுதம் எங்கள் பேராக் மாநிலத்தில் ஒன்று உண்டு. கோலாகங்சார் அரச குடும்பத்தின் தாமிங் சாரி என்ற கிரிசுக் கத்தி. மலாய்க் காவியத்தில் அது மஜாபாகித் வீரன் ஒருவனுடையது. வைத்திருப்பவனை எந்த ஆயுதமும் துளைக்காது. மலாக்கா வீரன் ஹாங் துவா சண்டையின் நடுவே தந்திரமாக அதை வாங்கிக்கொள்கிறான். வாங்கிய கணமே பழைய சொந்தக்காரன் சாதாரண மனிதனாகிச் சாகிறான். காவியத்தில் பின்னால் அந்தக் கிரிசு கடலோடு போய்விடுகிறது. மலாக்கா அரச வம்சம் 1528இல் பேராக்கில் ஆட்சி தொடங்கியது. கிரிசும் அந்த வம்சத்தின் வழி தங்களிடம் வந்தது என்பது பேராக்கின் மரபு. 2015 மே மாதம் சுல்தான் நஸ்ரின் ஷா முடிசூடியபோது அது அரச சின்னங்களில் ஒன்றாக இருந்தது. கூடவே சூரா சி மஞ்சாகினி என்ற வாள். அதை வைத்திருந்த சாங் சபூர்பாவின் வம்சத்தை மலாய் வரலாற்று நூல் ராஜா சூலான் வழியாக அலெக்சாண்டர் வரை கொண்டுபோகிறது. சூலான் என்பது நம் சோழனின் சாயல்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு.

இந்தப் பொருள்களுக்கும் பராமரிப்பு உண்டு. கிரிசை எலுமிச்சைச் சாற்றால் துடைத்துச் சாம்பிராணிப் புகை காட்டுவது மலாய் வழக்கம். பேராக் அரசில் சுல்தான் மூடா என்ற பட்டத்தோடு அரசவை மந்திரவாதி ஒருவரே இருந்தார். நாட்டைக் காக்கும் ஆவிகளுக்குப் படையல் வைப்பது அவர் பொறுப்பு. விடிந்தால் தானாக ஏறும் கோல் இங்கே கிடையாது. யாராவது சோறு வைக்கவேண்டும்.

அப்படியானால் எண்ணிச் செலவழிக்கும் மந்திரம் நம்மிடம் இல்லவே இல்லையா? இருக்கிறது, கர்ணனிடம். கவச குண்டலத்தைக் கொடுத்து இந்திரனிடம் அவன் வாங்கிய சக்தி ஆயுதத்துக்கு ஒரே வீச்சு. அருச்சுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, பதினான்காம் நாள் இரவில் கடோற்கசன் மீது எறியவேண்டி வந்தது. வேன்ஸின் மறதியும் அவனிடமே இருக்கிறது. வேண்டிய நேரத்தில் மந்திரம் மறந்துபோகும் என்பது பரசுராமர் சாபம். நெருப்புக்கோலைக் கடைசிச் சண்டைக்கென்று சேமித்து, வழியில் வந்த பூதத்தின் மேல் வீசிவிட்டு என் மருமகன் தலையில் கை வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆக, நூறோ ஏழோ ஒன்றோ, வீச்சை எண்ணுவது போர்க்கதையின் பழக்கம். குருசேத்திரத்திலும் எண்ணினார்கள், லேக் ஜெனீவாவிலும் எண்ணினார்கள். பிள்ளையின் இடுப்பில் கட்டியதை மட்டும் யாரும் எண்ணவில்லை.

பெரியவர் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது: பிடிமண். ஊரைவிட்டுப் போகிறவர்கள் தாய்க்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய் புது இடத்தில் வைத்துச் சாமியை நிறுத்துவார்கள். தோட்டத்து முனியாண்டிகள் பலர் இப்படி வந்தவர்கள்தான். எடுத்ததால் தாய்க்கோயிலில் எதுவும் குறையாது. புதுக் கோயிலிலிருந்தும் இன்னொருவர் பிடி எடுக்கலாம். ஐந்தாம் பதிப்பில் மந்திரச் சுருளைப் பார்த்து ஏட்டில் எழுதிக்கொண்டால் சுருள் அழிந்துவிடும். அதற்கு நேர் எதிர் இது.

மருமகனுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. தன் ஆட்டத்தில் பிடிமண்ணைப் புதையலாகச் சேர்த்தான்: வைத்த இடத்தில் காவல் தெய்வம் இறங்கும், தீயது எதுவும் தாண்டாது, அங்கிருந்து மறுபடி பிடி எடுக்கலாம். கூட்டாளிகள் ஒரு சாக்கு கொண்டுவந்தார்கள். அறைக்கு அறை, படிக்குப் படி, கடைசியில் டிராகன் குகையின் வாசலிலும் வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்து சமைத்துச் சாப்பிட்டார்கள். டிராகன் உள்ளேயே பட்டினி கிடந்து செத்தது. யாரும் பகடையைத் தொடவே இல்லை.

அடுத்த வாரம் விதி மாறியிருந்தது. பிடிமண், 7 பிடி, மறுபடி ஏறாது. "என்னடா இது, மண்ணுக்குமா கணக்கு?" என்றேன்.

"டிராகனுக்கும் ஒரு சான்ஸ் வேணாமா மாமா?" என்றான்.