பளிங்குக் கால்விரல்

மகன் காரின் கதவைத் திறந்ததுமே ஜனவரிக் குளிர் மூக்குக்குள் ஊசியாக இறங்கியது. அம்மாடி! மார்கழி விடியலில் சங்கரன்கோவில் ரதவீதியில் கோலம் போட்டு வளர்ந்தவள் நான். குளிர் என்றால் என்னவென்று அமெரிக்காவின் பால்டிமோரில்தான் தெரிந்தது. தெரு நெடுகச் செங்கல் வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி. வாசலுக்கு வாசல் வெள்ளைப் பளிங்குப் படி! நம்மூரில் கருவறைக்கே அப்படி இல்லையே.

இங்கே நான் பார்க்க ஆசைப்பட்டது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையை. என் அக்கா பேத்திக்கு இதயத்தில் ஓட்டை என்று தெரிந்த நாளிலிருந்து இந்தப் பெயர் மனசில் கிடந்தது.

பழைய கட்டடத்தின் குவிமாடத்துக்கு அடியில் பத்தடிக்கும் மேல் உயரமான இயேசு சிலை. வருகிறவர்கள் அதன் கால்விரலைத் தொட்டுத் தொட்டு, அந்த இடம் மட்டும் வழவழவென்று மின்னுகிறது. காலடியில் பூக்கள், மடித்த காகிதங்களில் வேண்டுதல்கள். எனக்கு எங்கள் ஊர்க் கோமதியம்மன் சந்நிதியின் புற்றுமண்ணும், உண்டியலில் விழும் பாம்பு, தேள் தகடுகளும் கண்முன் வந்தன. நானும் தொட்டேன். பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது.

1944 நவம்பர் 29 அன்று இங்கேதான் ஐலீன் சாக்ஸன் என்ற 15 மாதக் குழந்தைக்கு அறுவை நடந்தது. உதடும் நகமும் நீலம் பாரித்த பிள்ளை. கைக்குப் போகும் ரத்தக்குழாயை நுரையீரல் குழாயோடு இணைத்தார்கள். நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போக வழி செய்யலாம் என்ற யோசனை ஹெலன் டௌசிக் என்ற பெண் மருத்துவருடையது. கத்தி பிடித்தவர் ஆல்ஃபிரட் பிளேலாக். அவர் பின்னால் முக்காலியில் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் விவியன் தாமஸ். மருத்துவக் கல்லூரியில் படிக்காத கறுப்பினத்தவர்! ஐலீன் அதன்பின் சில மாதங்களே இருந்தாள். ஆனால் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு அவள் வழி திறந்துவிட்டாள்!

இதே வட்டாரத்தில் 1981 முதல் 1989 வரை, இதயக் குறையோடு பிறந்த சிசுக்களைத் தேடித் தேடிக் கணக்கெடுத்திருக்கிறார்கள். வெள்ளையர் பிள்ளைகளிடம் மகாதமனி வால்வு சுருக்கம் அதிகம். கறுப்பினப் பிள்ளைகளிடம் நுரையீரல் வால்வு சுருக்கம். பெருங்குழாய்கள் இடம் மாறிப் பிறப்பது ஆண்பிள்ளைகளில் கூடுதல். மேலறைச் சுவரில் ஓட்டை பெண்பிள்ளைகளில் கூடுதல். எங்கள் குட்டிக்கும் அந்த ஓட்டைதான். கையகல நெஞ்சுக்குள் இத்தனை பேதமா என்று மலைத்துப் போனேன்.

குட்டியின் அப்பா, என் அக்கா மகன், கட்டியது மாமன் மகளை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்து 2013இல் சொன்னார்கள்: நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் பிறவிக்குறை வாய்ப்பு நூற்றுக்கு 3 என்பது 6 ஆகிறது. மீதி 94 பிள்ளைகள் நலமே. ஆனாலும் கல்யாணப் பேச்சிலேயே இதையும் பேசலாமே.

என்னை உறுத்துவது வேறு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்யச் சொன்ன ஆண்பிள்ளைகளில் 70 சதவீதம் பேருக்கு அது நடந்திருக்கிறது. பெண்பிள்ளைகளில் 44 சதவீதம்தான். எங்கள் வீட்டிலும் ஒரு குரல் எழுந்தது: “பொட்டப்புள்ளதான, கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்.” அக்கா பொறுக்கவில்லை. வளையலை அடகு வைத்து மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

இரவு வீடியோவில் குட்டிக்கு ஜன்னல் வழியே பனியைக் காட்டினேன். அவளோ சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டினாள்.

“சின்னாச்சி, அங்க உள்ள பிள்ளைகளுக்கும் இந்தக் கோடு இருக்குமா?”

“இருக்கும்டி, கண்ணு.”